எடைக் கோடு பிறந்த கதை

நோய் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுவது உலகம் முழுவதும் பழைய வழக்கம். நோயே இல்லாத பிள்ளையை, சிரித்துக் கைகாலை உதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, நாள் பார்த்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது புதிய வழக்கம். அதற்கு வயது 130 ஆண்டைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை காலை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் இந்த வழக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். அன்று தடுப்பூசி நாள். கன்னத்தில் மைப் பொட்டு வைத்த குழந்தைகள், அம்மாக்களின் தோளில் துணிப்பை, பைக்குள் மடித்து வைத்த அட்டை. ஊசிக்கு முன்னால் எடை. தராசில் குழந்தை வீரிட்டு அழும். செவிலியர் எண்ணைப் படிப்பார். அட்டையில் ஒரு புள்ளி விழும். போன மாதப் புள்ளியோடு இந்த மாதப் புள்ளியைச் சேர்த்தால் ஒரு கோடு. அந்தக் கோடு எங்கே பிறந்தது, அதை அம்மாவின் கையிலேயே கொடுத்து அனுப்பலாம் என்று யாருக்குத் தோன்றியது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பச்சைக் குழந்தையை நிறுக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று சொல்லும் பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பெற்றதில் ஒன்றையாவது மண்ணுக்குக் கொடுக்காத வீடு அரிதாக இருந்த காலத்தவர்கள் அவர்கள். பிள்ளை வளர்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவே பயந்தவர்கள்.

ஐரோப்பாவிலும் மருத்துவர்கள் வெகுகாலம் குழந்தைகளை நிறுத்துப் பார்க்கவில்லை. நிறுக்காமலே எழுதிவைத்தார்கள். பிறந்த குழந்தையின் எடை 12 பவுண்டு, அதற்கும் மேல் என்றெல்லாம் பிரசவ நூல்களில் இருந்தது. அது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். 1753இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ரோடரர் என்ற பேராசிரியர் பிறந்த குழந்தைகளை உண்மையாகவே தராசில் வைத்தார். நூல்கள் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, பிரான்சில் மோன்பெய்யார் என்ற பிரபு 1759இல் பிறந்த தன் மகனின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவைத்தார். 1777 வரை விடாமல் அளந்தார். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்த குறிப்புகளில் நமக்குக் கிடைப்பவற்றில் அதுதான் மிகப் பழையது. அவருடைய நண்பரும் இயற்கை ஆய்வாளருமான புஃபோன் தம் நூலில் அதைச் சேர்த்ததால் பிழைத்தது. ஆனால் அது அறிவியல் ஆர்வம். அந்த அளவுகளைக் கொண்டு எந்தப் பிள்ளையையும் காப்பாற்றலாம் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை.

அந்த எண்ணம் வந்தது பாரிசில், பியேர் புதான் என்ற மகப்பேறு மருத்துவருக்கு. ஷாரித்தே மருத்துவமனையில் அவர் கையில் நல்லபடியாகப் பிறந்து வீட்டுக்குப் போன குழந்தைகள், சில மாதங்கள் கழித்து வற்றி உலர்ந்து திரும்பி வந்தன. திரும்பி வராதவையும் உண்டு. பிரசவம் நன்றாக நடந்திருக்கிறது, குழந்தையும் நன்றாக இருந்திருக்கிறது. இடையில் வீட்டில் என்ன நடந்தது என்று பார்க்க ஆளில்லை. பெரும்பாலும் நடந்தது புட்டிப்பால். சுத்தமில்லாத பால், சுத்தமில்லாத புட்டி, அதன்பின் கோடைகால வயிற்றுப்போக்கு. 1892இல் புதான் ஓர் ஏற்பாடு செய்தார். அங்கே பிறந்த குழந்தைகளை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாய்மார்கள் குறித்த நாளில் கொண்டுவர வேண்டும். வந்ததும் நிறுப்பார்கள். தாய்ப்பால் போதவில்லை என்று எடை காட்டினால் மட்டும் கொதிக்கவைத்த பால் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குத் தாய்ப்பாலையே விடாமல் கொடுக்கச் சொல்லி அனுப்புவார்கள். நலமான குழந்தைக்கு மருத்துவரின் நேரத்தை ஒதுக்குவது இங்கேதான் ஒழுங்கான ஏற்பாடாகத் தொடங்கியது. அதே ஆண்டு பாரிசின் பெல்வில் பகுதியில் வரியோ என்ற மருத்துவரும், 1894இல் ஃபெக்காம் என்ற துறைமுக ஊரில் துஃபூர் என்ற மருத்துவரும் இதைப் போன்ற பால் நிலையங்களைத் தொடங்கினார்கள். பெல்வில் நிலையத்தை ஜான் ஜெஃப்ருவா என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். தராசு, காத்திருக்கும் தாய்மார்கள், குனிந்து பார்க்கும் மருத்துவர் என்று நம் புதன்கிழமையின் எல்லா அங்கங்களும் அந்தப் படத்தில் இருக்கின்றன.

பிரான்ஸ் இதற்கு அரசாங்க அளவில் செவிசாய்த்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1870–71 போரில் ஜெர்மனியிடம் தோற்ற நாடு அது. பிறப்பு குறைந்துகொண்டே வந்தது. நாளைய படைவீரர்கள் தொட்டிலிலேயே சாகிறார்கள் என்ற கவலை அரசியல்வாதிகளுக்கு இருந்தது. புதானின் கவலை அதுவல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் பாரிசில் எழுதிய எடை, பாரிசிலேயே நின்றது. பதிவேடு மருத்துவமனை அலமாரியில் இருந்தது. தாய் வேறொரு மருத்துவரிடம் போனால் அந்த எண்கள் கூடப் போகாது. பின்னால் வந்த பல பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ச்சி வரைபடங்கள் நுட்பமாக வளர்ந்தன. பாஸ்டனில் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை அளந்திருந்தார்கள். நூறு பேரில் உன் பிள்ளை எத்தனையாவது இடம் என்று சொல்லும் வளைகோடுகள் வந்தன. அவையெல்லாம் மருத்துவர்கள் மருத்துவர்களுக்காகச் செய்தவை.

இதை மாற்றியவர் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். 1956இல் அவர் நைஜீரியாவுக்குப் போனார். யொரூபா மக்கள் வாழும் தென்மேற்கில், இலேஷா என்ற ஊரில் மெதடிஸ்ட் திருச்சபையின் வெஸ்லி கில்டு மருத்துவமனை. படுக்கைகளில் இருந்த குழந்தைகளில் பலருக்குக் குவாஷியார்கர் என்ற ஊட்டக்குறைவு நோய். அந்த நோயைக் கண்டவர்களுக்குத் தெரியும்: முடி செம்பட்டையாகும், தோல் உரியும், காலும் முகமும் நீர் கோத்து உப்பும். உப்பிய முகத்தைப் பார்த்துப் பிள்ளை பூசினாற்போல இருக்கிறான் என்று வீட்டார் நினைத்துவிடுவதும் உண்டு. மருத்துவமனைக்கு வரும்போது காலம் கடந்திருக்கும். காப்பாற்றி அனுப்பினாலும் சில மாதங்களில் திரும்பி வருவார்கள். கட்டிலில் படுக்கவைத்து இதைத் தீர்க்க முடியாது என்று மோர்லிக்குப் புரிந்தது.

அதனால் மருத்துவமனையை விட்டுத் தள்ளி, இமெசி-இலே என்ற ஊருக்குப் போனார். 1957 முதல் அங்கே பிறந்த சுமார் 400 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து ஐந்து வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இடம்: நோயோடு வந்தாலும் அங்கேதான், ஊசிக்கு வந்தாலும் அங்கேதான், சும்மா நிறுத்துப் பார்க்க வந்தாலும் அங்கேதான். பயிற்சி பெற்ற செவிலியர்கள்தான் அதை நடத்தினார்கள். மருத்துவர் அவர்களுக்குத் துணை. தினமும் இருநூறு தாய்மார் காத்திருக்கும் இடத்தில் ஒற்றை மருத்துவரை நம்பி எதையும் கட்ட முடியாது.

மாதாமாதம் நிறுத்த எடைகளைப் படத்தில் குறித்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று தெரியவந்தது. குவாஷியார்கரோடு வந்து விழுந்த பிள்ளையின் கோட்டைப் பின்னோக்கிப் பார்த்தால், அது பல மாதங்களுக்கு முன்பே ஏறுவதை நிறுத்தியிருந்தது. கால் வீங்குவதற்கு முன், முடி நிறம் மாறுவதற்கு முன், தாய்க்கே சந்தேகம் வருவதற்கு முன், கோடு படுத்திருந்தது. ஏன் படுத்தது என்று அந்த மாதங்களைத் துருவினால் காரணமும் கிடைத்தது. பலருக்கு அது தட்டம்மை. இங்கிலாந்தில் அப்போது பிள்ளைகள் பள்ளிக்கு நாலு நாள் லீவு போட்டுத் தாண்டிவிட்ட தட்டம்மை, மேற்கு ஆப்பிரிக்காவில் குழந்தைகளைக் கொன்றது. கொல்லாமல் விட்டவர்களின் எடைக்கோட்டை ஒரேயடியாகக் கீழே தள்ளியது. இழந்ததைத் திரும்பப் பிடிக்க மாதங்கள் ஆயின. அதற்குள் கக்குவான் வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால், அடுத்த குழந்தை உண்டாகித் தாய்ப்பால் நின்றால், பிள்ளை எழுந்திருப்பதில்லை. 1960இல் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கட்ஸ் என்ற மருத்துவர் புதிய தட்டம்மைத் தடுப்பூசியோடு வந்து மோர்லியுடன் சேர்ந்து அங்கே பரிசோதித்தார். இன்று நம் குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் ஊசியின் முன்னோர்களில் அது ஒன்று.

இந்த அனுபவத்திலிருந்துதான் மோர்லி அந்த அட்டையை வடிவமைத்தார். 'ஆரோக்கியத்துக்கான பாதை' என்று அதற்குப் பெயர். கெட்டி அட்டையில் இரண்டு வளைகோடுகள் இடமிருந்து வலமாக ஏறும். மேல்கோடு நன்றாக உண்டு வளரும் ஆண்குழந்தையின் சராசரி. கீழ்க்கோடு பெண்குழந்தைகளில் மிகச் சிறியவர்களின் எல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள அகலமான இடம்தான் பாதை. ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று இரண்டு அட்டை வேண்டாம். உள்ளே நூறில் எத்தனை என்று குழப்பும் கோடுகள் வேண்டாம். அடியில் மாதங்களின் வரிசை. பிறந்த மாதத்தைத் தடித்த கட்டத்துக்குள் எழுதி அங்கிருந்து நாட்காட்டிபோல நிரப்பிக்கொண்டு போவார்கள். ஒருமுறை நிரப்பிவிட்டால் பிறகு ஒவ்வொரு தடவையும் வயதைக் கணக்குப் போடத் தேவையில்லை. பிறந்த தேதி தெரியாத ஊரில், எந்தத் திருவிழாவுக்கு முன், எந்த விதைப்புக்குப் பின் என்று கேட்டு மாதத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் கிராமங்களில் செவிலியர்கள் ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டது இதே வழிதான்.

கோட்டின் மேலேயே வாழ்க்கையை எழுத இடம் விட்டிருந்தார். தட்டம்மை வந்த மாதத்தில் 'தட்டம்மை', தாய்ப்பால் நிறுத்திய மாதத்தில் அது, தம்பி பிறந்த மாதத்தில் அது. இரட்டைக் குழந்தையா, எடை குறைந்து பிறந்ததா, முன்பிறந்தவர்களில் இறந்தவர்கள் உண்டா என்று தனிக் கவனம் வேண்டிய காரணங்களுக்கும் ஓர் இடம். இரட்டையர் பிறப்பு யொரூபா மக்களிடையே உலகிலேயே மிக அதிகம். அதை அட்டையில் சேர்க்காமல் இருக்க முடியாது. பத்து நிமிடம் பேசினாலும் சொல்ல முடியாத ஒரு பிள்ளையின் இரண்டு வருடக் கதை, அட்டையைத் திருப்பினால் ஒரே பார்வையில் தெரிந்தது.

இதற்கெல்லாம் மேலாக, என் மனதில் முதலிடம் பெறுவது அவர் செய்த இன்னொன்று. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயிடமே கொடுத்தனுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தொலைத்துவிடுவார்கள், கிழித்துவிடுவார்கள் என்று மற்றவர்கள் எச்சரித்தார்கள். நடந்தது வேறு. அலமாரிகளில் வைத்த கோப்புகள்தான் அதிகமாகத் தொலைந்தன. தாய்மாரின் அட்டைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பிள்ளையைப் பற்றிய ஒரே காகிதத்தை எந்தத் தாய் தூக்கி எறிவாள்? அதுவரை அவளுக்குக் குறிப்பு கிடைத்தது மருத்துவர் வாயிலிருந்து. அதுவும் அவருக்கு நேரம் இருந்தால். இப்போது சான்று அவள் பையில். எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் அவள் அதை நீட்டலாம். நீட்டினால் அவர் பார்த்தாக வேண்டும்.

மோர்லி 1961இல் இங்கிலாந்து திரும்பி லண்டன் குழந்தைநல நிறுவனத்தில் பணிசெய்தார். குறைந்த விலையில் மருத்துவப் படங்கள், நூல்கள், அட்டைகள் கொடுக்க 1965இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். செவிலியர் மார்கரெட் வுட்லாண்டுடன் சேர்ந்து 1979இல் வளர்ச்சிக் கண்காணிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னாளில் அவர் செய்த தராசு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: நீண்ட சுருள்வில்லின் பின்னால் பிள்ளையின் அட்டையையே செருகிவிடலாம். குழந்தையைத் தொங்கவிட்டால் வில் இழுபட்டு நிற்கும் இடத்தில், தாயே பென்சிலால் புள்ளி வைக்கலாம். எண்ணே தெரிய வேண்டாம். 2009இல் அவர் இறந்தபோது அந்த அட்டையின் வாரிசுகள் பல நாடுகளில் புழங்கிக்கொண்டிருந்தன. 1982இல் யுனிசெஃப் குழந்தைகளைக் காக்க அறிவித்த நான்கு எளிய வழிகளில் முதலாவது வளர்ச்சிக் கண்காணிப்புதான். உப்பு-சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி ஆகியவை மற்ற மூன்று.

ஆனால் அட்டையில் அச்சிட்ட கோடுகள் யாருடைய பிள்ளைகளின் கோடுகள்?  1970களின் இறுதியில் உலகம் முழுவதற்கும் அளவுகோலாக வந்தவை அமெரிக்காவுடையவை. சின்னக் குழந்தைகளுக்கான பகுதி ஓஹியோ மாநிலத்தின் ஒரு பகுதியில் வாழ்ந்த நடுத்தர வெள்ளையர் குடும்பங்களிலிருந்து வந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறி, பிறகு புட்டிப்பால் குழந்தையைவிடச் சற்று நிதானமாக ஏறும். அது அதன் இயல்பு. அந்த அட்டையிலோ அது சரிவாகத் தெரிந்தது. நாலு மாதக் குழந்தையோடு வந்த எத்தனையோ தாய்மாரிடம் உங்கள் பால் போதவில்லை என்று சொல்லப்பட்டது. பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் வந்தது. காப்பாற்ற வந்த கோடு, பால் சுரந்துகொண்டிருந்த தாயைத் தன்னையே சந்தேகிக்க வைத்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

இதைத் திருத்த உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது: பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, ஓமானின் மஸ்கட், நார்வேயின் ஓஸ்லோ, அமெரிக்காவின் டேவிஸ், நம் தெற்கு டெல்லி. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்மார் வளர்த்த, வறுமை தடுக்காத வீட்டுக் குழந்தைகள். முடிவு வந்தபோது ஆறு ஊர்க் குழந்தைகளின் நீளமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறியிருந்தது. வேறுபாட்டில் நாடுகளுக்கு இடையிலானது சுமார் 3 சதவீதம் மட்டுமே. நம் பிள்ளைகள் இயற்கையிலேயே சிறியவர்கள், நம் உடல்வாகு அப்படி என்ற பழைய சமாதானத்துக்கு, ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் அதன்பின் இடமில்லை. 2006இல் வெளியான இந்த அளவைத்தான் 2008இல் இந்தியா அங்கன்வாடிகளில் ஏற்றது. அட்டையும் ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்று இரண்டானது.

தமிழ்நாட்டில் இந்தக் கோட்டுக்குத் தனி வரலாறு உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1980இல் தமிழ்நாடு உலக வங்கிக் கடனுதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை ஆறு மாவட்டங்களில் தொடங்கியபோது, ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் நிறுக்க வேண்டும். எடை ஏறாமல் நின்றவர்களுக்கு மட்டும் சத்துருண்டை. ஏறத் தொடங்கிச் சில மாதத்தில் உருண்டை நிற்கும். எல்லாருக்கும் சோறு என்பதற்குப் பதிலாக, கோடு யாரைக் காட்டுகிறதோ அவருக்கு முதலில். அந்தந்த ஊர்ப் பெண்ணே ஊட்டச்சத்துப் பணியாளராக இருந்து, யார் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் ஏறவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்டார். கடுமையான ஊட்டக்குறைவு அந்த வட்டாரங்களில் கணிசமாகக் குறைந்தது.

இதே தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான் கோட்டுக்கு எதிரான சான்றும் கிடைத்தது. சாபு ஜார்ஜ், மைக்கேல் லாத்தம் முதலிய ஆய்வாளர்கள் 12 கிராமங்களை எடுத்து, ஆறில் நிறுத்து அட்டை போட்டார்கள். மற்ற ஆறில் நிறுக்காமல், சிகிச்சையும் ஆலோசனையும் அதே அளவு கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். 1993இல் லான்செட் இதழில் வெளியானது அந்த ஆய்வு. இதைப் படித்துவிட்டு அட்டையே வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அதை அப்படிப் படிக்கவில்லை. வீடு தேடி வரும் செவிலியரும் காது கொடுக்கும் மருத்துவரும் இருக்கும் ஊரில், அவர்கள்தான் பிள்ளையை வளர்த்தார்கள். புள்ளி வைத்ததால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கிராம் கூடுவதில்லை. புள்ளிக்குப் பிறகு நடக்கும் பேச்சு நடக்காவிட்டால் அட்டை வெறும் காகிதம்.

இப்போது அந்தப் பேச்சுதான் குறைந்துகொண்டு வருகிறது. எடை 2021 முதல் கைபேசிச் செயலியில் பதிவாகி டெல்லிவரை போகிறது. அது தேவைதான்; எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு உணவு என்று முடிவுசெய்ய வேண்டியவர்களுக்கு அது வேண்டும். ஆனால் செயலியில் ஏற்றிய கையோடு அட்டையில் குறிக்க நேரமில்லாமல் போகிறது. தனியார் மருத்துவமனைகளில் கோப்பு கணினிக்குள். அம்மாவுக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டும். அந்த எண்ணை வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அவள் உறக்கம் கெடுகிறாள்.

ஒரே நாளில் வரிசையில் நிற்கும் இரண்டு பத்து மாதக் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். பெண்குழந்தை ஒன்று, ஏழு கிலோ; பிறந்தது முதல் கீழ்க்கோட்டை ஒட்டி, ஆனால் மாதம் தவறாமல் ஏறி வந்திருக்கிறது. ஆண்குழந்தை ஒன்று, ஒன்பது கிலோ. கொழுகொழுவென்று இருக்கிறது, சராசரிக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஏழாம் மாதத்திலும் அதே ஒன்பது கிலோதான் இருந்தது. வரிசையில் எல்லாரும் அந்தப் பெண்குழந்தையின் தாய்க்குத்தான் அறிவுரை சொல்வார்கள். மருத்துவர் உட்காரவைத்துப் பேச வேண்டியது ஆண்குழந்தையின் தாயிடம்: திட உணவு என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை வேளை, இடையில் வயிற்றுப்போக்கு வந்ததா, வேலைக்குத் திரும்பப் போனீர்களா, பகலில் யார் ஊட்டுகிறார்கள். ஒன்பது என்ற எண்ணை மட்டும் கேட்டால் இந்தக் கேள்வி ஒன்றுகூட எழாது. மூன்று மாதப் புள்ளிகள் கண்முன் இருந்தால் மட்டுமே எழும்.

அடுத்த முறை பிள்ளையைக் கொண்டுபோகும்போது, பையில் அந்த அட்டை இருக்கட்டும். எடை போட்டதும் எண்ணைக் கேட்டுவிட்டு நகராமல், புள்ளியை அட்டையில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். போன மாதம் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கோடு படுத்திருந்தால் காரணம் தெரியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். இமெசி-இலேயில் எழுத்தறியாத தாய்மார்கள் அந்த அட்டையை நீட்டி இதைத்தான் கேட்டார்கள்.